பத்து லட்சத்தில் ஒன்பது

சான்டியாகோவிலிருந்து போனில் ஒரு பெண்குரல்:
எத்தனை வேண்டும்?
எதில் கலந்து வேண்டும்?
எந்த உலோகத்தில் அடைத்து?
பருப்பு நிறுத்துப் போடுகிற அவசரம் அவளுக்கு.
"எல்லோரும் நாற்பதுதான் வாங்குகிறார்கள், யாஸ்னா."

ஜூலை. கொயாய்க்கேயில் மாலை ஐந்தரைக்கே இருட்டு.
பள்ளத்தில் ஊர்.
மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிட்டால்
அத்தனை வீட்டு விறகுப்புகையும்
போக இடமில்லாமல் எங்களோடு குடியிருக்கும்.
புகையாவது தெரியும். இருமவைக்கும், சட்டைக் காலரில் நாறும்.
இது அப்படியில்லை.
நிறமில்லை, மணமில்லை,
கதவைத் தட்டிவிட்டு வரும் பழக்கமுமில்லை.
அதற்காகத்தான் இந்தத் தகரக் கொட்டகை,
உள்ளே விளக்கு மினுக்கும் ஒரு பெட்டி,
மாதம் ஒருமுறை அதை மடக்கிக் கேள்வி கேட்க நான்.

பொன்னுக்கு உரைகல். தராசுக்குப் படிக்கல்.
நஞ்சுக்கு?
நஞ்சேதான். எண்ணி அடைத்த நஞ்சு.
பத்து லட்சத்தில் நாற்பது பங்கு என்று
தேதி போட்டுக் கழுத்தில் அட்டை மாட்டிய உருளை.
அதைப் பெட்டிக்கு ஊட்டி
'இதுதான் நாற்பது, மறக்காதே' என்பேன்.
அது மறக்கவில்லை.
பிழை அதன்மேல் இல்லை.

எனக்கு முன்பிருந்தவர் மலிவுக்கு வாங்கிய எஃகு உருளை.
இரும்புக்கும் பசிக்கும் என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
இரண்டு குளிர்காலமாய் அதன் சுவர்
உள்ளிருந்ததைக் கொறித்துக்கொண்டே இருந்திருக்கிறது.
அட்டையில் நாற்பது,
உள்ளே முப்பத்தாறு.
வால்டிவியாவிலிருந்து இரவல் உருளை வந்த அன்றுதான் குட்டு வெளிப்பட்டது:
முப்பத்தாறை நாற்பது என்று நான் படிப்பித்தேன்,
எட்டரையை ஒன்பதரை என்று அது ஊருக்கு ஒப்பித்தது.

ஒன்பது எங்கள் எல்லைக்கல்.
தாண்டினால் அந்தத் தெருக்களில் அடுப்பு அணைய வேண்டும்.

ஜூன் பதினாறு இரவு, பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி.
எடிலியோ பாரியா சொன்னபடி அணைத்தார்.
அவரும் ஒர்ஃபெலினாவும்
வாசலில் நின்ற லாரிக்குள் ஏறிப் படுத்தார்கள்,
அரைமணிக்கொருதரம் இன்ஜினை ஓடவிட்டு,
கண்ணாடியை ஒரு விரல் மட்டும் இறக்கி.

இதைப் போய்ச் சொன்னேன். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
அவர் கத்தவில்லை.
மாத்தே குவளையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்:
"அன்றைக்கு லாரிக்குள்ளே எத்தனை இருந்திருக்கும்?"

அதற்கு என்னிடம் பெட்டியில்லை.

"ஹலோ, யாஸ்னா? லைனில் இருக்கிறீர்களா?"
இருக்கிறேன்.
அலுமினியத்தில் அடையுங்கள்.
நைட்ரஜன் வேண்டாம், காற்றிலேயே கலந்து கொடுங்கள்.
பூஜ்யத்துக்கும் நைட்ரஜன் வேண்டாம்,
அது யாருமே மூச்சுவிடாத வானத்தின் பூஜ்யம்.
நாங்கள் இழுத்துவிடும் இதே காற்று,
ஈரமும் மற்றதும் அப்படியே இருக்க,
இந்த ஒன்று மட்டும் கழிந்து. அதை இங்கேயே செய்துகொள்வேன்.
நாற்பதில் ஒரு சின்ன உருளை.
ஒன்பதில் பெரியது.
"ஒன்பதா? அதை யார் வாங்குகிறார்கள்?"
நாற்பதில் எங்களுக்கு ஒரு வழக்குமில்லை அம்மா.
எங்கள் சண்டையெல்லாம் எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில்.
விலையைச் சொன்னாள்.
கொட்டகைக்குக் கேட்டிருந்த ஹீட்டரை
பட்டியலிலிருந்து அடித்தேன்.

இருபத்திரண்டு நாள் கழித்து
படகில் சக்காபுக்கோ வந்து, அங்கிருந்து லாரியில் வந்தது.
ஓட்டிவந்தவர் எடிலியோ.
துறைமுகத்தில் அன்றைக்கு அவர் முறையாம்.
இறக்கி நிறுத்தி, சுவரை விரலால் சுண்டிப் பார்த்தார்.
"உள்ளே எவ்வளவு?"
"ஒன்பது."
"நிஜமாகவே?"
"நூற்றுக்கு இரண்டு முன்னே பின்னே."
கையுறையைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார்.
"சரி," என்றார்,
"ஒர்ஃபெலினாவிடம் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்."