எட்டெழுத்து

பலகைக்கு எழுத்துக் கணக்கில்தான் காசு.
சாயல்குடி முக்கில், ஏணியில் நின்றபடி
சீனி இபுறாம்சா கேட்டார்:
"எம்பிபிஎஸ் தெரியும். எம்டியும் கேள்விப்பட்டிருக்கேன்.
இந்த டிஎம் எதுக்கு?
முத்துராக்குங்கிற பேருக்கே பாதிப் பலகை போச்சு."

இருக்கட்டும் என்றேன்.
எட்டெழுத்து. பதினொன்றரை வருஷம்.
மிச்ச இடத்தில் சிறுநீரகம் ஒன்று வரைந்தார்,
மொச்சைக்கொட்டை போல.

பெரிய படிப்பு என்று ஊரில் நினைத்தார்கள்.
மதுரையிலும் சென்னையிலும்
பாதி நாள் நான் மூத்திரம் அளந்தேன்.
விடிகாலை நாலுக்குக் கட்டில் கட்டிலாகக் குனிந்து
பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
இருநூறு, நாற்பது, ஒன்றுமில்லை என்று எழுதினேன்.
கணுக்காலில் கட்டைவிரல் பதித்துக்
குழி மேலெழ எத்தனை நொடி என்று எண்ணினேன்.
முதன்முதல் கழுத்தில் குழாய் போட்ட இரவு
கை நடுங்கியது அவருக்குத் தெரிந்துவிட்டது.
"மெதுவா பாப்பா" என்றார், பச்சைத் துணிக்கு அடியிலிருந்து.
அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வாய்மொழித் தேர்வில்
சிறுநீரகம் கெடக் காரணங்கள் கேட்டார்கள்.
சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்,
வலி மாத்திரை, நாட்டு மருந்துப் பாதரசம்...
இருபத்திரண்டு சொன்னேன்.
போதும்மா, போகலாம் என்றார்கள்.

இருபத்து மூன்றாவது
வாலிநோக்கத்திலிருந்து பஸ்ஸேறி வந்தது.
நம்புநாயகி. முப்பத்தெட்டு. உப்பளம்.
பாதம் இரண்டும் வெடித்து வெள்ளை பூத்திருந்தன.
சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை,
கிரியாட்டினின் ஏழு.

பகல்ல எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?
"வெள்ளன குடிச்சிட்டுப் போனா, வீட்டுக்கு வந்துதான்."
அந்த வெயில்லயா? ஏன்?

படிக்காதவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.
"கண்ணுக்கெட்டுன மட்டும் பாத்தி.
மறைவுக்கு ஒரு கருவேலங்கூட இல்ல.
ஒதுங்க எங்கம்மா போக?"

உப்புக் கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினேன்.
மூன்றாவதில் கையெழுத்துக்குக் கீழே
எட்டெழுத்தையும் போட்டேன்.
டிஎம்னா எந்த டிபார்ட்மென்ட் என்று
ஒரு போன் வந்தது. அவ்வளவுதான்.

திங்களும் வியாழனும் வருகிறாள்.
கழிப்பறைக்கு அடுத்த கட்டில் அவளுக்கு.
தாழ்ப்பாள் உண்டு, வாளி உண்டு, குழாயில் தண்ணீர் உண்டு.
நாளைக்கு அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது என்று
சொல்ல வேண்டியவள் நான்.

ஊசி குத்திய கையை அசைக்காமல் சிரிக்கிறாள்:
"இப்ப எடம் இருக்கு டாக்டரம்மா.
வரத்தான் மாட்டேங்குது."