கழிவு

மருதனார்மடத்தில் வெங்காயம் விக்கிற தவராசாவின்ரை தராசில்
ஆறு கிலோ எண்ணூறு.
அவன் எப்பவும் கூட்டித்தான் நிறுப்பான்,
அதால பயமில்லை எண்டு நினைச்சன்.

பலாலியில் எட்டுக் கிலோ இருநூறு.

தவராசாவுக்கு வாயுக்குள்ளை ரெண்டு பேச்சு விழுந்த பிறகுதான்
ஞாபகம் வந்தது:
விடிய ஓட்டோக்காரன் ஹோர்ன் அடிக்க,
கதிரையில் கிடந்த ஃபைலைத் தூக்கிப்
பைக்குள்ளை திணிச்சது நான்.

பெரியாசுப்பத்திரித் துண்டுகள், கொழும்பில ரெண்டு இடத்துத் துண்டுகள்,
வெளிச்சத்தில பிடிச்சால்
இவற்றை ஈரல் மழைமுகில் மாதிரித் தெரியிற
படங்கள் பதினாறு.
எல்லாம் சேர்த்து ஒரு கிலோ நானூறு.

ஜனுசியா எண்டு நெஞ்சில பேர் குத்தின பிள்ளை சொன்னாள்,
"கையில கொண்டு போறது ஏழுதான் அன்ரி.
மிச்சத்துக்குக் காசு கட்டோணும்.
ஒண்டு இருநூறை ரெண்டு எண்டுதான் கொம்பியூட்டர் எடுக்கும்."

"பிள்ளை, உவரைப் பார்.
போன பொங்கலுக்கு எழுபத்தொரு கிலோ,
இண்டைக்கு அறுபது.
பதினொண்டு குறைச்சுக்கொண்டு வந்திருக்கிறம்,
அதில ரெண்டைக் கழிச்சு விடன்."

சிரிக்கத் தொடங்கினாள்.
பிறகு இவரைப் பார்த்தாள்,
பெல்ட்டில ஆணியால குத்தின புது ஓட்டையைப் பார்த்தாள்,
தன்ரை நகத்தைப் பார்த்தாள்.
"மனிசரை நாங்கள் நிறுக்கிறேல்லை அன்ரி."

கட்டினன்.
பற்றுச்சீட்டையும் ஃபைலுக்குள்ளை வைச்சன்.
ஃபைல் இன்னும் கொஞ்சம் பாரமாச்சு.

எங்களுக்குப் பின்னாலை நிண்ட கோண்டாவில்காரர்
எல்லாத்தையும் பார்த்துக்கொண்டுதான் நிண்டிருக்கிறார்.
பெட்டியைத் திறந்து
சேட்டுக்கு மேலை சேட்டு, அதுக்கு மேலை இன்னொரு சேட்டு,
களிசான் பொக்கற்றுக்குள்ளை சார்ஜர், சவர்க்காரம், ரெண்டு போத்தல் லேகியம்.
பெட்டி சரியா ஏழு.
மனிசன் பத்துக் கிலோ பாரமாகி, வேர்த்து ஊத்த
அசைஞ்சு அசைஞ்சு போனார்.
தூக்கப் போற பிளேனுக்கு இதில என்ன லாபம் எண்டு
ஆரும் கேக்கேல்லை.

ஏணியில் ஆறு படி.
இவர் ரெண்டு தரம் நிண்டு ஏறினார்.
அதுக்குள்ளை எல்லாரும் எங்களைக் கடந்து போச்சினம்.

எங்கட தலைக்கு மேலை இருந்த தட்டில
கோண்டாவில்காரற்றை பெட்டி குறுக்கால படுத்திருந்தது.
பக்கத்தில ஒரு ஹெல்மெட்.
சென்னையில ஆர் இவரை ஏத்தப் போகினமோ தெரியாது.

"உங்கட பெட்டியை நிமித்தி வையுங்கோவன்."
"முதல் வந்தவை முதல் வைக்கிறது, அக்கா."
"பஸ்ஸில லேஞ்சி போடுற நியாயமோ?
நான் ரெண்டு கிலோவுக்குக் காசு கட்டினனான்."
"காசு கிலோவுக்கு. இடத்துக்கில்லை."

அந்த ஆள் சொன்னது சரி. அதுதான் எனக்குக் கூடக் கோவம்.

"விடப்பா," எண்டார் இவர்.
"இஞ்சை கீழ வை.
என்ரை கால் போக மிச்சம் இடம் கிடக்கு."

மூண்டு வருசத்துக்கு முந்தி இதே பிளேனில
இவற்றை முழங்கால் முன்சீட்டை இடிக்குது எண்டு
சென்னை மட்டும் புறுபுறுத்துக்கொண்டு வந்த மனிசன்.
இப்ப நடுவில நாலு விரற்கடை.
ஜனுசியா கழிக்காத பதினொரு கிலோ
ஒரு பை அளவு இடமாக
அங்கை கிடந்தது.

மேல்தட்டின்ரை கதவு பூட்டுப்படேல்லை.
பணிப்பெண் மூண்டு தரம் அமத்திப் பார்த்தாள்,
பிறகு ஹெல்மெட்டை வெளியில எடுத்து
ஆற்றை எண்டு கண்ணால கேட்டாள்.
கோண்டாவில்காரற்றை மடியில
அப்பதான் கழட்டின ரெண்டு சேட்டு,
பொக்கற்றுக்குள்ளை லேகியம் முட்ட
குனியவும் ஏலாமல் இருந்தார்.

இவர் கை நீட்டினார்.
"தாங்கோ பிள்ளை, என்ரை காலடியில கிடக்கட்டும்."

காத்தாடி ரெண்டும் சுத்தத் தொடங்கிச்சு.
ஒரு காலோடை ஃபைல்,
மற்றக் காலோடை ஆற்றையோ தலைக்கு வாங்கின கவசம்.
கோண்டாவில்காரர் என்னைப் பார்க்காமல்
ஜன்னலைப் பார்த்தார்.

நானும் பார்த்தன்.
தோட்டம், ரோட்டு, தகரக் கூரைகள்.
மருதனார்மடம் எந்தப் பக்கம் எண்டு பிடிபடேல்லை.
தவராசாவின்ரை தராசு
சரியாய்த்தான் காட்டினது.