சர்க்கரைக்கு நாற்பது நிமிடம்

தினமும் நாற்பது நிமிடம் நடங்க என்றார் டாக்டர்.
எதற்கென்று சொன்னார்.
எதைப் பார்த்துக்கொண்டு என்று சொல்லவில்லை.

பதினேழு வருடமாய் சாயப்பட்டறை லேபில்
நிறம் பார்க்கும் கண்.
துண்டுத்துணியை விளக்குப் பெட்டிக்குள் வைத்து
கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம்
மூன்றிலும் ஒன்றுபோல இருந்தால்தான் ஓகே.
அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு
நடக்கத் தெரியவில்லை எனக்கு.

மாசிக் காலை, ஆறு மணி.
திருப்பூர் இன்னும் தறிகெட்டு ஓட ஆரம்பிக்கவில்லை.
பனியன் கம்பெனிச் சுவரோரம் ஆவாரம்பூ.
மஞ்சள் ரெண்டு பங்கு, சிவப்பு ஒரு சொட்டு என்று
வாய் தானாக ரெசிப்பி சொல்கிறது.
வேப்பங்கொழுந்தில் செம்பு இருக்கிறது.
யாரும் நம்புவதில்லை, இலை என்றால் பச்சை என்று
ஒன்றாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டார்கள்.
எருக்கம்பூ ஊதா
நாலு தடவை துவைத்த ஊதா.
பார்ட்டி திருப்பி அனுப்புவான்.

"ஏனுங் மேனகா, குனிஞ்சுக்கிட்டே போறீங்க,
காசு ஏதும் உளுந்துருச்சுங்களா?"
பால் பாக்கெட்டோடு துளசிமணி அக்கா.
"இல்லீங்க்கா, கலரு பாக்கறேன்."
"ஞாயித்துக்கெழமையுமா!"
நைட்டிக்கு மேல் அவர் போட்டிருக்கும் டீசர்ட்
டென்மார்க் போகாமல் நின்ற லாட்.
அவர்கள் கேட்டது ஆலிவ்,
நாங்கள் கொடுத்தது பாசி.
அக்காவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு குடோன்களுக்கு நடுவே
விற்காமல் கிடக்கும் ஒரு துண்டு கொறங்காடு.
காய்ந்த கொழுக்கட்டைப் புல்,
வெள்வேல மரத்தின் பால்கலந்த பட்டை,
கிளுவை வேலியில் ஒரு கயிறு, அதன் முனையில் ஆடு இல்லை.
மயிலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.
தண்ணித்தொட்டி மேல் நின்று கத்துகிறது.
தன் நிறம் அதற்குத் தெரியும்.

ஓடைப் பாலத்தில் கால் நின்றுவிட்டது.

தண்ணீர் ரோஜா.

எவன் ராத்திரி திறந்துவிட்டானோ,
எங்கள் பட்டறையா, மேட்டுப் பட்டறையா, தெரியாது.
நிறம் தெரியும்.
வெள்ளிக்கிழமை மூன்று விளக்கிலும் வைத்துப் பார்த்து
நான் கையெழுத்துப் போட்ட ரோஜா.
இது நாலாவது வெளிச்சம்.
பெட்டியில் இதற்குப் பொத்தான் கிடையாது.
நடுவில் ஒரு கொக்கு, முட்டிவரை நனைந்து,
மீனுக்குக் காத்திருந்தது.
அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.
அதுதான் சங்கடம்.

அப்போது கரண்டுக் கம்பியில் ஒரு பனங்காடை.
மண்ணும் சாம்பலும் கலந்த மூன்றாம் தரம்,
யாரும் ரெண்டாவது முறை திரும்பிப் பார்க்காத பீஸ்.
ஒரு வெட்டுக்கிளிக்காக விரித்தது
இறக்கையை.

வாய் ரெசிப்பி சொல்லத் திறந்தது.
நீலம்
என்றது.
அப்புறம் ஒன்றும் வரவில்லை.

அந்த இறகை அரைத்துப் பார்த்தால் நீலம் கிடைக்காதாம்.
எங்கோ படித்தது.
அதில் சாயமே இல்லையாம்.
வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பிவரும் விதம் அப்படியாம்.
உப்பு வேண்டாம், சோடா வேண்டாம்,
அலசி ஊற்றத் தண்ணீர் வேண்டாம்.
இறங்கி, பிடித்து, மறுபடி கம்பிக்கு வந்து
மண்ணாக உட்கார்ந்துகொண்டது.

முப்பத்தோரு நிமிடம் ஆகியிருந்தது.
டாக்டருக்கு ஒன்பது நிமிடம் பாக்கி.
சுற்றுவழி இருந்தும் பாலத்தின் மேலேயே திரும்பினேன்.
ரோஜா கொஞ்சம் வெளுத்திருந்தது.
கொக்கைக் காணோம்.

"என்ன கலருங் கெடச்சுது?" என்றார் அக்கா, கேட்டை மூடிக்கொண்டே.
சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நாளைக்கு மேசையில் பதினோரு துண்டு இருக்கும்.
அதில் ரெண்டு நீலம்.