திறக்காத பைபாஸ்

நீடாமங்கலம் பைபாஸ் இன்னும் திறக்கவில்லை.
ஞாயிறு காலை, பழைய டயர் அடுக்கி
வளைவு போட்டிருந்தார்கள்.

ஸ்டெப்னி, ஜாக்கி, மகளின் சீட்,
டிக்கியில் கிடந்த அரை மூட்டை யூரியா
எல்லாம் இறக்கினேன்.
தவணை மட்டும் இறங்கவில்லை.

கொடிக்குப் பதில் துண்டை வீசினான் சகாயராஜ்.

மூன்றாவது கியரில்
இந்த வண்டிக்கு இப்படியொரு குரல் உண்டென்று
ஆறு வருஷமாய்த் தெரியாது எனக்கு.
முதல் வளைவில்
சீட்டுக்கடியிலிருந்து
போன சம்பாவின் நெல்மணிகள்
சரசரவென்று இடப்பக்கம் ஓடின.
அடுத்ததில் திரும்பி வந்தன.
பிரேக்கை எங்கே மிதிப்பதென்று
அந்தச் சத்தம்தான் சொன்னது.

பதினோரு வண்டியில் பத்தாவது.
பதினோராவது புறப்படவே இல்லை.

திரும்புகையில் பாதி ரோட்டில் குறுவை காய்ந்தது.
கை நடுக்கம் அடங்காமல்
இண்டிகேட்டர் போட்டு இருபதில் ஒதுங்கினேன்.
காலால் நெல் துழாவியவள்
மூக்கைச் சுளித்தாள்:
"என்னமோ கருகுது, பாருங்க."