மேலேறும் வேகம் ஒரு மெகாபிட்

உவர்மலை அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே,
கணக்குப் போட்ட துண்டை மூன்று தரம் மடித்தேன்.
ஈச்சிலம்பற்றுக் கிளினிக்: முந்நூற்றி எண்பது ஜிகாபைட்.
அங்கிருந்து மேலேறும் வேகம், மழை இல்லாத நாளில், ஒரு மெகாபிட்.
இடைவிடாமல் அனுப்பினால் முப்பத்தைந்து நாள்.
பகலில் அவர்களுக்கும் லைன் வேண்டும்;
இரவு ஆறு மணித்தியாலம் மட்டும் என்றால்
நூற்றி நாற்பது இரவு.
அதற்குள் மாரி வந்துவிடும்.

கொழும்பிலிருந்து வந்த விற்பனையாளர்
படம் போட்டுக் காட்டினார்: ஒரு கட்டடம், ஒரு மேகம்,
இடையில் ஒரு அம்பு.
அம்பு எத்தனை தடிப்பு என்று கேட்டேன்.
அவர் தேநீரைக் கலக்கினார்.

ஆகவே முதல் பிரதி பஸ்ஸில் வந்தது.
சாப்பாட்டுப் பெட்டிக்குள் டிஸ்க், அதைச் சுற்றி என் சால்வை.
பக்கத்துச் சீட்டில் ஒரு பை முரல் கருவாடு.
கிண்ணியாப் பாலத்தில் கண்டக்டர் மிச்சக்காசு தர மறந்தான்;
நான் கேட்கவில்லை, இரண்டு கையும் மடியில்.
ஏழாயிரம் நெஞ்சுக்கூடுகள்
பள்ளத்துக்குப் பள்ளம் என் முழங்காலில் துள்ளின,
பூட்டிய எழுத்தில்தான்.
திறவுச்சொல் என் தலையில் மட்டும் இல்லை,
உறையிலிட்டு இரும்பலுமாரியில் இன்னொன்று.
எனக்கு ஒன்று ஆனாலும் யாராவது திறக்கவேண்டும்.

மிஞ்சியது மாற்றங்கள்.
ஒரு நாளில் அங்கே எவ்வளவு மாறும்?
தொண்ணூறு மெகாபைட். பன்னிரண்டு நிமிடம்.
ஒரு ஊரின் காய்ச்சல் முழுக்க, சோறு வேகும் நேரத்துக்குள்.
அந்தத் துண்டுகளையும் நீள விடக்கூடாது,
நடுவில் ஒரு கண்ணி துருப்பிடித்தால் போதும்.
மாதம் ஒருதரம், லைனைத் தொடாமல்,
இங்கேயே கோர்த்து முழுசாக்குவது என்று எழுதிவைத்தேன்.

ஆனால் எது முதலில்?
பவளராணி மிஸ்ஸியிடம் போனில் கேட்டேன்.
"எக்ஸ்ரே போனால் திரும்ப எடுக்கலாம் பிள்ளை.
பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஆள் ஆர் எண்டது போனால்
அந்த ஆளிலதான் திரும்பக் கண்டுபிடிக்கவேணும்."

அன்றே வரிசையை மாற்றினேன்.
ஒவ்வாமை, கர்ப்பிணிகள், இன்சுலின் அளவு, இரத்த வகை.
எல்லாம் சேர்த்து இரண்டு மெகாபைட்டும் இல்லை.
படங்கள் பின்னால் வரட்டும், நின்று நின்று.

பதினொரு இரவு பச்சை எழுத்தில் "வெற்றி" என்று வந்தது.
பன்னிரண்டாம் நாள், சும்மா,
அந்தக் கிழமை வந்த ஒருவரின் பெயரைத் தேடினேன்.
இல்லை.
யாரோ கோப்புறைக்குப் பெயர் மாற்றியிருக்கிறார்கள்.
பதினொரு இரவும் நாங்கள் ஒன்றுமில்லாததை
மிகக் கவனமாக, ஒரு பிழையும் இல்லாமல்,
இரண்டாக்கியிருந்தோம்.

புல்மோட்டையிலிருந்து முபஸ்ஸிர் போனில் சிரித்தான்.
பிறகு தன்னுடையதைத் திறந்து பார்த்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

பச்சையை இப்போது நான் நம்புவதில்லை.
வெள்ளிதோறும் ஆறு ஊருக்கும் ஊருக்கொரு பெயர்,
கண்ணை மூடி எடுத்து, மீட்டு, திறந்து, கடைசி வரிவரை வாசிப்பது.

இரண்டாவது பிரதி வவுனியாவில்.
ஏன் அவ்வளவு தூரம் என்றார் கணக்காளர்.
ஜன்னலைக் காட்டினேன்.
கடல் சும்மா கிடந்தது.
கையெழுத்துப் போட்டார்.

நேற்றிரவு வெருகல் பக்கம் இடி.
எழுபத்தொரு வீதத்தில் லைன் அறுந்தது.
முந்திய முறை என்றால் திரும்பப் பூச்சியம்.
இது காத்திருந்தது.
ஒன்று நாற்பதுக்கு, யாரோ தோளில் தட்டியதுபோல,
எழுபத்திரண்டு.

மிஸ்ஸிக்குச் செய்தி அனுப்பவில்லை, தூங்கட்டும்.
விடிந்தால் வெள்ளி. இன்னும் விடியவில்லை என்றாலும்
ஒரு பெயரைத் திறந்தேன்:
வயது முப்பத்தொன்று, ஓ நெகட்டிவ், ஏழாம் மாதம்.
முகவரி என்ற இடத்தில்
"பாலத்துக்கு அங்கால" என்று மட்டும் இருந்தது.