இருபது மில்லிமீட்டர்

சுங்கை காடூட்டில் வெள்ளி இரவு ஒன்பதரை.
கூரைத் தகரத்தில் மழை.
ஈரப்பதமானி எண்பத்தெட்டு என்கிறது.
காலைக்குள் நான் கையெழுத்திட வேண்டிய தாளில்
ஒரே ஒரு கட்டம் காலி:
பலகையின் தடிமன்.

மிஸ்டர் கோ எழுதியிருக்கிறார்:
நாற்பத்தைந்து போதாதா?
எட்டுப் பலகை, ஏழு பசைக்கோடு, வேலை முடிந்தது.
இருபதென்றால் பதினெட்டுப் பலகை, பதினேழு கோடு.
இழைத்து இழைத்து மரமெல்லாம் தூளாகிறது,
தூளுக்கும் நான்தானே விலை கொடுக்கிறேன்.
உத்தரத்தின் உயரம் இரண்டிலும்
அதே முப்பத்தாறு சென்டிமீட்டர்தானே, லா.

தானே.
நேரான உத்தரமென்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.
பசை இறுகியபின் சுமைக்குத் தெரியாது
உள்ளே எட்டா பதினெட்டா என்று.
போன மாதம் இரண்டையும் தாங்கிகள்மேல் கிடத்தி
நடுவில் அழுத்தினோம்.
தொய்வு பதினொன்று, பதினொன்றரை.
அந்த அரையை நான் ஈரத்தின் கணக்கில் எழுதினேன்.

உடைந்த விதம்தான் வேறு.
எட்டடுக்கின் அடிப்பலகையில் ஒரு கணு,
ஐம்பது காசு நாணய அளவு.
சொல்லாமல் கொள்ளாமல் வெடித்தது;
ஜுனைதாவின் கோப்பி தரையெல்லாம்.
பதினெட்டில் கணுவின் கதை ஒரு மெல்லிய ஏட்டோடு முடிந்தது,
அடுத்த பலகை அந்த இடத்தில் சுத்தமாக இருந்தது.
அது முனகியது, மறுபடி முனகியது,
நாங்கள் பின்வாங்கி நிற்க அவகாசம் தந்து
பிறகுதான் விட்டது.

ஆனால் இது நேரான உத்தரம் இல்லை.
ஈசூனில் ஒரு சமூகக் கூடத்தின் நடைபாதைக்கு மேலே
வளைந்து இறங்க வேண்டியது.
ஆரம் நான்கு மீட்டர்.

மாலை ரொபியுல் முதல் நாற்பத்தைந்தை
அச்சில் சாய்த்தான்.
கவ்வியில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.
வெளிமுதுகு கேட்ட நீளம்
அதன் இழைகளிடம் இல்லை.
சடக்.
கண்ணாடியில் தெறித்த சிராயைத் துடைத்தபடி
"ஆபா, இது கேட்காது" என்றான்.
அந்த ஒரு வரியை
மூன்று பக்க அறிக்கையாக எழுத எனக்குச் சம்பளம்.

பாதித் தடிமனுக்குப் பாதி உழைப்பென்று நினைப்பது மனிதப் புத்தி.
மரம் மும்மடியில் கணக்குப் பார்க்கும்:
பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு.
இருபதை அவன் இடுப்பால் சாய்த்தே படிய வைத்தான்,
பாட்டுகூட நிற்கவில்லை.

பசையில்லாமல் பதினெட்டையும் அடுக்கி மடக்கிப் பாருங்கள்,
சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி
முனைகள் படிக்கட்டாகும்.
பசை வேறொன்றும் செய்வதில்லை,
நழுவாதே என்கிறது.
அந்த ஒரு சொல்லுக்கு விறைப்பு
முந்நூற்றிருபத்துநான்கு மடங்கு.
ஜுனைதா நம்பாமல்
கணிப்பானில் இருமுறை தட்டினாள்.

கவ்விகளைக் கழற்றும்போது கொஞ்சம் நிமிரும்.
எல்லா உத்தரமும் நிமிரும்:
தடித்த ஏடுகள் அதிகம், மெல்லியவை குறைவு.
அதற்கென்று அச்சிலேயே இடம் விட்டிருக்கிறேன்,
மூன்று மில்லிமீட்டர்,
பிறந்தபோது நேராக இருந்ததை
மரம் மறக்காத அளவுக்கு.

கட்டத்தில் 20 என்று எழுதினேன்.
ஒடிந்த நாற்பத்தைந்தின் படத்தை இணைத்தேன்.
ஓரத்தில் ரொபியுலின் கட்டைவிரல் விழுந்திருக்கிறது,
வெட்டவில்லை.
பதில் உடனே வந்தது:
ஓகே. ஆனால் பசைக்குத் தள்ளுபடி கேள்.

கடைசிப் பேருந்தில் தலைமுடியை அவிழ்த்தேன்.
பக்கத்து இருக்கை முதியவரின் கறுப்புக் குடைமேல்
பொடிப்பொடியாக உதிர்ந்தது
மிஸ்டர் கோ விலை கொடுத்த தூள்.
மன்னிப்புக் கேட்டேன்.
அவர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்துவிட்டு
குடையைத் தட்டாமலே
மடியில் வைத்துக்கொண்டார்.