துணைக்கு வந்தவர்

அதிகாலை மூன்றேகால்.
காலாவதியான நூலக அட்டையால்
வேன் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறேன்.
மொன்டானாவில் ஜனவரி என்றால்
சாவிக்கொத்துகூட விரலில் ஒட்டிக்கொள்ளும்.

நான் போருக்குப் போனவள் இல்லை.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்.
பழக்கதோஷம்,
ஏறியதும் தலைகளை எண்ணுகிறேன்.
மூன்று.
கால்களை எண்ணினால் கணக்கு உதைக்கும்.

ஆர்வில் டாங்கனுக்கு
இடது முழங்காலுக்குக் கீழே அரசாங்கம் கொடுத்தது.
போன கோடையில் மனிதர் இளைத்துவிட்டார்.
கால் இளைக்கவில்லை.
மூன்று காலுறை திணித்தும்
கிணற்று வாளியாய் ஆடி ஆடி
உரசிய இடம் புண்.
புண்ணை உள்ளூர் மருத்துவர் தொட வேண்டுமென்றால்
அனுமதிக் கடிதம் வேண்டும்.
கடிதம் தருகிறவர்
முதலில் புண்ணைப் பார்க்க வேண்டும்.
அவர் இருப்பது நானூறு மைலுக்கு அப்பால்.

மாவிஸின் காதில் ஈராக்கிலிருந்து ஒரு ரீங்காரம்.
"வாடகை தராமல் பதினெட்டு வருடம் குடியிருக்கிறது" என்பாள்.
கடைசி இருக்கையில் ட்ரெவின்.
தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் திருகுகிறான்.
அவனுக்கு எங்கே அடிபட்டது என்று
நான் கேட்டதில்லை.

கிளாஸ்கோ தாண்டினால் போனுக்கு உயிர் போகும்.
ஹாவரில், பெட்ரோல் போடுகையில், திரும்பும்.
திரும்பியது.
*இன்றைய அப்பாயின்ட்மெண்ட் ரத்து.
செயற்கைக்கால் நிபுணர் விடுப்பு.
அடுத்த தேதி ஏப்ரல் பதினேழு.*
அனுப்பிய நேரம் ஐந்து பத்து.
மான்கள் சாலையைக் கடக்கட்டும் என்று
அப்போது நாங்கள் விளக்கைத் தணித்து நின்றிருந்தோம்.

ஆர்வில் கண்ணாடி போட்டுப் படித்தார்.
மறுபடி படித்தார்.
"காபி வாங்கு."
திரும்பிவிடலாமா என்றேன்.
"காபி வாங்கு. பிறகு தெற்கே ஓட்டு."

முகப்பு மேசைக்குப் பின்னால்
யுலாலியா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்.
நல்ல பெண்தான், குரலில் தெரிந்தது.
"இன்று உங்கள் பெயரில் எதுவும் இல்லை, ஐயா."

ஆர்வில் உட்கார்ந்தார்.
கால்சட்டையைச் சுருட்டினார்.
சோடா மூடி திறக்கும் சத்தம்.
காலைக் கழற்றி, ஷூவோடு,
மேசைமேல் நிறுத்தினார்.
ஹாவரில் மிதித்த பனி
அவள் காகிதங்கள்மேல் உருகியது.

"அப்பாயின்ட்மெண்ட் இவருக்கு.
நான் துணைக்கு வந்தவன்."

மாவிஸ் மட்டும் சிரித்தாள், ரொம்ப நேரம்.
யுலாலியா காலுக்குள் எட்டிப் பார்த்தாள்.
பஞ்சில் ரத்தம் காசு அகலத்துக்குக் காய்ந்திருந்தது.
போனை எடுத்தாள்.
"இல்லை, ஏப்ரல் இல்லை."
"இங்கேதான்."
"ஆமாம், என் மேசைமேல்."

ஒரு தாதி வந்து கட்டுப் போட்டார்.
நிபுணருக்குப் பதில் ஒரு பயிற்சிப் பையன்
கடித்த சாண்ட்விச்சைப் பையில் போட்டபடி வந்து
உள்ளே மெத்தை ஒட்டி, தேய்த்து, ஒட்டி,
"ஏப்ரல் வரை தாங்கும்" என்றான்.
"எதைச் சொல்கிறாய்," என்றார் ஆர்வில்,
"காலையா, என்னையா?"

பயணப்படி கிடையாதாம்.
ரத்தான சந்திப்புக்கு யாரும் வந்திருக்க முடியாது.

திரும்பும் வழி. மூன்று தலை, எண்ணிவிட்டேன்.
ஆர்வில் வாய் திறந்து தூங்குகிறார்.
உள்ளே போன எட்டாவது நிமிடம்
வெளியே வந்துவிட்ட ட்ரெவின்
நாள் முழுக்கப் பேசாதவன்
ஹாவர் தாண்டி, இருட்டில், கேட்டான்:

"நான் எதைக் கழற்றி
அந்த மேசைமேல் வைப்பது?"

மாவிஸ் பின்னால் நகர்ந்து
அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.
வைப்பர் பனியைத் தள்ளியது,
பனி திரும்ப வந்தது.
மால்டாவுக்கு எண்பது மைல் என்றது பலகை.